மேல் வீட்டு லைன்

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருப்பவரை எல்லோரும் 'லோடு' என்றுதான் சொல்வார்கள். லாரியில் மூட்டை ஏற்றுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். பிஸ்கட் கம்பெனியில் எலெக்ட்ரீஷியன். பார்க்க ஒல்லி, பெருங்காற்று அடித்தால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு. அந்தப் பெயர் அவர் வாயால் வந்தது. யாராவது புதிதாக ஒரு சாமான் வாங்கிப் பெட்டியோடு வாசலில் நுழைந்தால் போதும். எங்கே வாங்கினாய், நல்லா இருக்கா என்றெல்லாம் கேட்க மாட்டார். "லோடு எவ்வளவு?" என்பார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எத்தனை வாட் என்று கண்டுபிடித்த பிறகுதான் வழி விடுவார். மூன்றாம் மாடியில் குழந்தை பிறந்த செய்தியைச் சொன்னபோதுகூட, "அப்ப ஹீட்டர் லோடு கூடுமே" என்றுதான் கவலைப்பட்டாராம்.

அவருக்கு மேலே, முதல் மாடியில், தையல் மிஷினும் அயர்ன் பாக்ஸுமாக நான். எனக்கு மேலே, இரண்டாம் மாடியில், அவர் மனைவி. ஆமாம், கட்டிய மனைவிதான். ஒரே கட்டடம், ஒரே மாடிப்படி, ஒரே தண்ணீர்த் தொட்டி, வீடுதான் வேறு. நான் அவரை அண்ணே என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுகிறேன். முறை பார்த்தால் குழப்பம்தான். அவர்களுக்குள் இருக்கிற குழப்பத்துக்கு முன்னால் இது எம்மாத்திரம்?

ஏன் பிரிந்தார்கள் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ருசியான கதை எதுவும் இல்லை. அடிதடி கிடையாது, குடி கிடையாது, இன்னொருத்தியும் கிடையாது. இரண்டாம் மாடி வீடு அக்காவுடைய அம்மாவின் வீடு. அந்த அம்மா படுக்கையில் விழுந்ததும் அக்கா பார்த்துக்கொள்ளப் போனார். முதலில் ராத்திரித் துணைக்கு மட்டும். பிறகு தலையணை மேலே போனது. பிறகு சீப்பு, செருப்பு, மூக்குக் கண்ணாடி, குடை. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அந்தச் சாமான்கள் எதுவும் கீழே இறங்கவில்லை. 'வா' என்று அவர் கூப்பிடவில்லை. 'வரட்டுமா' என்று அக்கா கேட்கவில்லை. கூப்பிட்டால் போகலாம் என்று ஒருவர், வந்தால் வரட்டும் என்று ஒருவர். வருஷங்கள் அவை பாட்டுக்குப் போய்விட்டன. கடைக்குப் போகும்போது அக்கா அவர் கதவைத் தாண்டித்தான் தெருவுக்குப் போக வேண்டும். தாண்டிப் போவார், நிற்க மாட்டார். அவரும் மீட்டர் ரூம், வீடு, கம்பெனி என்று இருந்தாரே தவிர, இரண்டாம் மாடிப்படியில் கால் வைத்ததில்லை.

"ஏன்க்கா இப்படி?" என்று ஒருமுறை வாய்விட்டே கேட்டேன்.

"அவரோட இருந்தப்பவும் தனியாத்தான் இருந்தேன். நான் பத்து வார்த்தை பேசினா அவரு ஒரு 'ம்' போடுவாரு. இப்ப அந்த 'ம்' இல்லாமலும் பழகிடுச்சு." மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தார். "இருந்தாலும் ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்."

அவரிடமும் கேட்டேன். "மேல காத்து நல்லா வரும். அவளுக்கு அங்கதான் வசதி" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேரையும் ஒரே அறைக்குள் தள்ளிப் பூட்டிச் சாவியைச் சாக்கடையில் போட்டிருப்பேன். ஆனால் என்ன செய்வது, நடு மாடிக்காரி. 'மோட்டார் ஓடுது, தண்ணி பிடிச்சுக்கச் சொல்லுங்க' என்று கீழேயிருந்து வருவதை மேலே சொல்ல வேண்டும். 'படிக்கட்டு லைட் எரியலைன்னு சொல்லு' என்று மேலேயிருந்து வருவதைக் கீழே சொல்ல வேண்டும். சம்பளமில்லாத தபால்காரி.

அவர் எனக்கு லோடு பற்றிப் பாடம் எடுத்ததும் இப்படி ஒரு நாளில்தான். அவசரமாகக் கொடுக்க வேண்டிய துணி. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அயர்ன் பாக்ஸையும் சொருகி, டீக்குக் கெட்டிலையும் அதே பிளக்கில் சொருகினேன். டப்பென்று எல்லாம் நின்றது. மேல் படியில் கால் வைக்காத மனிதர் என் வாசல் வரைக்கும் மட்டும் வருவார். அதற்கு மேல் போகிற படிகள் அவர் கண்ணுக்குத் தெரியாது. வந்து பிளக்கைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"பல்பு, ஃபேன் எல்லாம் கோழி கொத்துற மாதிரி சாப்பிடும்மா. சூடு பண்ற சாமான் எதுவா இருந்தாலும் பெருந்தீனி. அயர்ன் பாக்ஸையும் கெட்டிலையும் ஒண்ணா உட்கார வெச்சா வயர் எப்படித் தாங்கும்?"

"நான் எதையும் சொருகலைன்னா வயருல கரண்டு இருக்காதா?"

"வோல்ட்டேஜ் இருக்கும். வாசல்ல வந்து நின்னுக்கிட்டே இருக்கும். ஆனா லோடு கேட்டாத்தான் கரண்டு ஓடும். கேட்காம எதுவும் ஓடாது."

"இவ்வளவு தெரிஞ்ச மனுஷன்" என்று ஆரம்பித்து மேல் படியைப் பார்த்தேன். அவர் ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் அவரைக் கையும் களவுமாகப் பிடித்தேன். கீழே மீட்டர் ரூமில் ஒரு வயரைக் கிளாம்ப் மீட்டரால் கவ்விக்கொண்டு நின்றிருந்தார். நண்டின் கொடுக்கு போல இருக்கும் அந்தக் கருவி. வயரை வெட்ட வேண்டாம், சும்மா கவ்வினாலே அதில் எவ்வளவு கரண்டு ஓடுகிறது என்று எண் காட்டும். யார் லைன் என்று கேட்டேன். சும்மா செக் பண்றேன் என்றார். அப்போது எண் சட்டென்று ஏறியது.

"கெட்டில்" என்று தனக்குத்தானே சொன்னார். "எந்திரிச்சாச்சு."

"யாரு?"

கருவியை இன்னும் நெருக்கிப் பிடித்தார். எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. "அக்கா லைனா இது?"

"நேத்து சாயங்காலம் ஒரு லைட்டோட சரி. ஃபேன்கூடப் போடல. தலைவலியா இருக்கும். இன்னைக்குப் பரவால்ல" என்றார், மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன்னும் திரும்பி வந்த பிறகும் இப்படி வந்து நிற்கிறார் என்று தெரிந்தது. கெட்டில் ஏறினால் அக்கா எழுந்துவிட்டார். அயர்ன் பாக்ஸ் ஏறினால் வெளியே கிளம்புகிறார். ஒரு சின்ன எண் மட்டும் அசையாமல் நின்றால் ரேடியோ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அண்ணே, ரெண்டு மாடி ஏறினா நேராவே கேட்டுக்கலாமே."

"எதுக்குத் தொந்தரவு" என்றார்.

நான் யாரையும் கேலி செய்யாமல் விடுகிறவள் இல்லை. அன்றைக்கு மட்டும் வாய் வரவில்லை. வீட்டில் பேச ஆளில்லாத மனிதருக்கு ஒரு எண் ஏறுவதும் இறங்குவதும்தான் துணை என்றால் அதில் கேலிக்கு என்ன இருக்கிறது? எனக்கு அழுகை வந்தது. மிஷினில் போய் உட்கார்ந்து கோணலாக ஒரு தையல் போட்டு, பிறகு அதைப் பிரித்தேன்.

அந்தக் கோடையில் எல்லா வீட்டிலும் ஏசி வாங்கினார்கள். சாயங்காலமானால் விளக்குகள் சோர்ந்துவிடும். "லைட் அழுது வடியுதுன்னு சொல்லு" என்றார் அக்கா. போய்ச் சொன்னேன். அடுத்த லீவு நாளில் அவர் மீட்டர் ரூமுக்குள் போனவர் மதியம் வரை வெளியே வரவில்லை.

எங்கள் கட்டடத்துக்கு மூன்று ஃபேஸ் வருகிறது. அதாவது கரண்டு கொண்டுவரும் வயர் மூன்று. ஒவ்வொன்றிலும் சில வீடுகளைப் பிரித்துக் கொடுத்திருக்கும். திரும்பிப் போவதற்கு மட்டும் எல்லோருக்கும் பொதுவாக ஒரே வயர். அதற்குப் பெயர் நியூட்ரல். அக்கா இருந்த ஃபேஸில் இன்னும் சில வீடுகள் இருந்தன, அண்ணன் வீடு உட்பட. சேர்ந்து வாழ்ந்த காலத்து ஏற்பாடு அது. அவர் அத்தனை வீடுகளையும் கழற்றி மற்ற இரண்டு ஃபேஸில் மாட்டிவிட்டார்.

"என்னோடதையும் எடுத்துட்டேன்" என்றார் வேர்வையைத் துடைத்தபடி. "இனிமே அவளுக்கு யாராலயும் தொந்தரவு இல்ல. ராணி மாதிரித் தனி ஃபேஸ்."

அன்று சாயங்காலம் அக்கா வீட்டு விளக்குப் பளிச்சென்று எரிந்தது. அதை நான் வந்து சொன்னதும் அவர் சிரித்தார். அந்த மனிதருக்குப் பல் வரிசை இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

கோடை முடிவதற்குள் அது நடந்தது. விளக்கு வைக்கிற நேரம். எல்லா வீட்டிலும் ஏசி, அடுப்படி, டிவி என்று எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. நான் ஒரு சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று என் விளக்கு மஞ்சளாகச் சுருங்கியது. மிஷின் முனகியது. அதே நேரத்தில் மேலே பட், பட் என்று ஏதோ வெடித்தது. அக்காவின் அலறல் கேட்டது. வெளியே ஓடி வந்தேன். எங்கள் வீடுகளெல்லாம் மங்கிக் கிடக்க, அக்காவின் ஜன்னல் மட்டும் பகல் போல வெளுத்து, உடனே அணைந்தது.

அவர் அப்போதுதான் கம்பெனியிலிருந்து வாசலுக்கு வந்திருந்தார். மங்கின ஜன்னல்களையும் அந்த ஒரு ஜன்னலையும் பார்த்தார். அவர் முகம் ரத்தமில்லாமல் வெளுத்ததை நான் கண்ணால் கண்டேன். மீட்டர் ரூமுக்குப் பாய்ந்து மெயினை அணைத்தார். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு படி ஏறினார். என் வாசலைத் தாண்டி, அதற்கு மேலும்.

அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஃபிரிட்ஜ் புகைந்துகொண்டிருந்தது. டிவி, ஃபேன் எல்லாம் போயிருந்தன. அக்கா தரையில் உட்கார்ந்து ரேடியோவை மடியில் வைத்திருந்தார். அதுதான் அவருடைய பேச்சுத் துணை. அதன் முதுகில் கருகின வாசம் வந்தது.

அண்ணன் வாசல்படியைத் தாண்டவில்லை. வெளியே நின்றபடியே பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"மூணு பக்கமும் லோடு சமமா இருந்தா நியூட்ரலுக்கு வேலையே கிடையாது. நான் ரெண்டு பக்கம் ஏத்திட்டு ஒரு பக்கத்தைக் காலியா விட்டேன். மிச்சச் சுமை பூரா நியூட்ரல் மேல ஏறிடுச்சு. பழைய ஜாயிண்ட், சூடாகி விட்டுப் போச்சு. அது விட்டுப்போனா லோடு அதிகமா இருக்கற பக்கம் வோல்ட்டேஜ் சரிஞ்சுடும். குறைவா இருக்கற பக்கம் எகிறிடும். அந்தப் பக்கம் நீ ஒருத்திதான் இருந்தே. எல்லாம் உன் தலையில விழுந்துடுச்சு." டார்ச் வெளிச்சத்தைத் தன் கால் அருகில் இறக்கினார். "உன்னைத் தனியா விட்டா உனக்கு நல்லதுன்னு நினைச்சேன். தப்புப் பண்ணிட்டேன்."

"என்னைக் கேட்டீங்களா?" என்றார் அக்கா.

"இல்ல."

கரண்டைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை அது. அங்கே நின்ற எனக்கே புரிந்தது; அவருக்குப் புரியாமல் இருக்குமா? தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனார். மிச்சத்தை எல்லாம் சுமந்து வெந்துபோன அந்த நியூட்ரலை நினைத்து எனக்கு ஏதோ சொந்தக்காரி மாதிரித் துக்கமாக இருந்தது.

ஜாயிண்டைப் புதிதாகப் போட்டார். கெட்டுப்போன சாமான்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்து என் கையில் கொடுத்து மேலே அனுப்பினார். ரேடியோ மட்டும் பிழைக்கவில்லை. அடுத்து, அக்காவின் ஃபேஸில் யாரையாவது சேர்த்தாக வேண்டும். இந்த முறை கேட்டுவிட்டுச் செய்வது என்று முடிவு செய்திருந்தார். கேட்பதற்கு ஆள் நான்தான்.

"உங்க லைனை அங்க சேர்க்கலாமான்னு கேளுங்க. அயர்ன் பாக்ஸ் இருக்கு, நல்ல லோடு."

போய்க் கேட்டேன். அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். "உன் அயர்ன் பாக்ஸ் எனக்கு எதுக்கு? மொதல்ல யாரு இருந்தாங்களோ அவங்களையே போடச் சொல்லு" என்றார். தண்ணீரைக் கொஞ்சம் வேகமாகத் திறந்துவிட்டார்.

கீழே ஓடி வந்து சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "சரியா கேட்டீங்களா?"

"ரெண்டு காதாலயும் கேட்டேன்."

தன் வீட்டையும், சமமாக இருப்பதற்கு மூன்றாம் மாடியில் ஒரு வீட்டையும் அந்த ஃபேஸில் மாட்டினார். இனிமேலாவது ஏதாவது நடக்கும் என்று நான் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மேலே ஒரு விளக்கு, கீழே ஒரு விளக்கு. ஒரே வயரில் எரிந்தன, அவ்வளவுதான். குளிர்காலம் வந்தது.

அக்கா அடுப்படியில் இன்னும் குண்டு பல்புதான். எல்லோரும் மாற்றிய பிறகும் அதன் வெளிச்சம்தான் பிடிக்கும் என்பார். ஒரு காலையில் தைத்த துணியைக் கொடுக்கப் போனேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பல்பு லேசாக ஒரு முறை மங்கி, அப்படியே நின்றது. அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க அண்ணன் ஹீட்டர் போட்டா என் பல்பு தலை குனியுது" என்றார். சிரித்தாரா, சலித்துக்கொண்டாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

தபால்காரி தன் வேலையைச் செய்தாள். அட்சரம் பிசகாமல் கீழே போய்ச் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. "அப்படியா சொன்னா?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கீழே குளியலறையிலிருந்து பல் கிடுகிடுக்கிற சத்தம் கேட்டது. அதற்கடுத்த நாளும் கேட்டது. வாசலில் பார்த்தபோது, "என்னண்ணே, ஹீட்டர் ரிப்பேரா?" என்றேன். "பச்சைத் தண்ணி உடம்புக்கு நல்லது" என்று சொல்லிவிட்டுத் தும்மினார்.

நாலைந்து நாள் போயிருக்கும். காலையில் அக்கா படி இறங்குகிற சத்தம் கேட்டது. என் வாசலைத் தாண்டி இறங்கியது. தெருக் கதவு கிறீச்சிட வேண்டும். கிறீச்சிடவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு படிக்கட்டுக் கம்பியில் சாய்ந்து எட்டிப் பார்த்தேன். அக்கா அவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. தலையில் தண்ணீர் சொட்ட, தோளில் துண்டோடு நின்றார்.

"ஹீட்டருக்கு என்னாச்சு?" என்றார் அக்கா.

"ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் போடல?"

"உன் பல்பு மங்குதுன்னு சொன்னியாமே. அதான்." தும்மல் வந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மங்குதுன்னு சொன்னேன். மங்கக் கூடாதுன்னு சொன்னேனா?"

அவர் விழித்தார்.

"காலையில அது மங்கினாத்தான் நீங்க எந்திரிச்சுட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அதுக்கப்புறம்தான் நான் டீயே போடறது. நாலு நாளா பல்பு மங்கவே இல்ல. கீழ ஒரு மனுஷன் இருக்காரா இல்லையான்னு நான் எதை வெச்சுத் தெரிஞ்சுக்கறது?"

வருஷக் கணக்காக மீட்டர் ரூமில் நின்று அக்காவின் லைனைக் கவ்விப் பார்த்த மனிதர். தன் லைனையும் ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை போலிருக்கிறது. வழக்கமான அந்த 'ம்' கூட வரவில்லை. பிறகு கதவிலிருந்து ஓரமாக நகர்ந்தார்.

"உள்ள வர்றியா?" என்று கேட்டார்.

எத்தனை வருஷம் கழித்து! துடைப்பம் என் கையிலிருந்து நழுவிப் படியில் உருண்டது. நல்லவேளை, இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா அவர் தோளுக்குப் பின்னால் அந்த வீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"முதல்ல ஹீட்டரைப் போடுங்க. மத்ததை அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படி ஏறினார். என்னைத் தாண்டும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். கீழே கதவு வெகு நேரம் திறந்தே கிடந்தது.

அன்று சாயங்காலம் வேலையிலிருந்து அவர் ஒரு பெரிய பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். பெட்டியில் ஹீட்டர் படம். கடையில் இருப்பதிலேயே பெரிது என்று பார்த்தாலே தெரிந்தது. சின்னதாக வாங்குங்கள், சின்னதாக வாங்குங்கள் என்று கட்டடம் முழுக்க எங்கள் உயிரை எடுத்தவர் அவர். விடுவேனா? வாசலில் கையை நீட்டி வழியை மறித்தேன்.

"லோடு எவ்வளவு?" என்றேன்.

அவர் பெட்டியை இறக்கி வைத்து, பழக்கதோஷத்தில் அதைத் திருப்பி எண்ணைத் தேடினார். பிறகு தேடுவதை நிறுத்திவிட்டு மாடிப்படியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"மேல தெரியற அளவுக்கு" என்றார்.